ஏலப் பணம் செயலாளர் கணக்கில்: பொருளாளர் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் 6 வருடமாகப் பொருளாளராக இருக்கிறேன். வயது 38. தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. போன அறுப்பின் பண்டிகையில், சபையார் கொண்டுவந்த பொருள்களை ஏலம் எடுத்தவர்களில் பலர் பணத்தை எங்கள் செயலாளரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பினார்கள். சபைக்கென்று க்யூஆர் அட்டை கிடையாது. எப்போதும் இப்படித்தான் நடக்கும். ஏல நோட்டையும் பாஸ்புக்கையும் வைத்துப் பார்த்தபோது 1,85,000 ரூபாய் சபைக் கணக்குக்கு வரவே இல்லை. கேட்டதும் அவர் மறைக்கவில்லை. "ஆன்ட்டி ஆபரேஷனுக்கு எடுத்துட்டேன்மா, திருப்பிக் கட்டிடறேன்" என்றார். இதுவரை 60,000 வந்திருக்கிறது. அவர் கோலார் தங்கவயல்காரர். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு மாரிக்குப்பம் ரயிலில் தினமும் வந்து வேலை பார்த்து, அப்புறம் இங்கேயே குடியேறியவர். ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். போதகர் ஐயா, "அன்பு திரளான பாவங்களை மூடும்மா, மிச்சத்தை ஏலப் பாக்கின்னு காட்டிடு" என்கிறார். கமிட்டியில் ஒரு பெரியவர், யோவாஸ் ராஜா காலத்தில் ஆலய வேலைக்குக் கணக்கே கேட்கவில்லை என்று வசனம் காட்டுகிறார். என் கணவரோ ராஜினாமா செய்துவிட்டு வேறு சர்ச்சுக்குப் போகலாம் என்கிறார். அடுத்த மாதம் பொதுக்கூட்டம். கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் அங்கிளைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள சகோதரி,

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமாவும் இப்போது வேண்டாம். அங்கிளை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். மூன்றும் ஒன்றாக நடக்குமா என்றால், நடக்கும். கொஞ்சம் கசக்கும்.

நான் ஆடிட்டர், பிரசங்கியார் இல்லை. ஆனால் சபைக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் வவுச்சரோடு வசனமும் மேஜைக்கு வந்துவிடுகிறது. உங்கள் விஷயத்திலும் மூன்று பேர் மூன்று யோசனையோடு நிற்கிறார்கள், அதில் இருவர் கையில் வசனம். அதனால் வசனத்தையும் பார்க்காமல் முடியாது.

அதற்கு முன்னால் நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பாக்கிப் பட்டியலுக்கு வருகிறேன். 1,25,000 ரூபாயை ஏலப் பாக்கி என்று காட்டவேண்டுமானால், யாரிடமிருந்து பாக்கி என்று பெயர் வேண்டும். அதற்காக ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களின் பெயர்களையே திரும்ப எழுதியிருக்கிறீர்கள். ஆட்டுக்கிடாவை 22,000க்கு எடுத்தவர் பெயர் முதலில் நிற்கிறது. கடைசிப் பக்கத்தில், அப்பார்ட்மென்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் ஒரு அம்மா. நாட்டுக்கோழி, 1,200 ரூபாய். ஞாயிறு சாயங்காலமே மகனை விட்டு ஜிபே பண்ணிவிட்டார் என்று ஓரத்தில் பென்சிலால் நீங்களே குறித்திருக்கிறீர்கள்.

அந்த அம்மா கட்டின காசுக்குக் கடன்காரி ஆகிறார். பொதுக்கூட்டத்தில் பட்டியலை வாசிக்கவே மாட்டார்கள், மொத்தத் தொகையை மட்டும்தான் சொல்வார்கள் என்று யாராவது சமாதானம் சொல்லலாம். அடுத்த வருடம் பொருளாளர் மாறுவார். புதியவர் நோட்டைப் புரட்டி, "அம்மா, போன வருஷக் கோழிக் காசு பாக்கி இருக்கே" என்று வாசலில் வைத்துக் கேட்பார். ஜிபே ரசீதை எந்தப் போனில் தேடுவார் அவர்? அங்கிளின் மானத்தைக் காப்பாற்ற எடுத்த போர்வை அந்த அம்மாவின் சேலையாக இருக்கக்கூடாது. என் எதிர்ப்பு முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. சட்டம், வரி எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

போதகர் ஐயா சொன்ன வசனம் 1 பேதுரு 4:8. நல்ல வசனம். இரண்டு வசனம் தள்ளி 10இல் அதே பேதுரு, பெற்ற ஈவுகளைப் பகிர்ந்துகொடுக்கும் நல்ல உக்கிராணக்காரர்போல (பிறர் பொருளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர்) ஒருவருக்கொருவர் உதவிசெய்யச் சொல்கிறார். பாவத்தை மூடும் அன்பும் உக்கிராணக்காரனின் ஒழுங்கும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்த 'மூடும்' என்ற பேச்சு நீதிமொழிகள் 10:12இலும் உண்டு. அங்கே பகை விரோதங்களை எழுப்பும், அன்போ பாவங்களை மூடும் என்று இரண்டையும் எதிரெதிரே வைத்திருக்கிறது. அதாவது, இன்னொருவர் தவற்றைத் தெருவுக்கு இழுத்துச் சண்டை மூட்டாதே என்பது. வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், குவயர் பிராக்டிஸில் கிசுகிசுக்காதீர்கள். அதை நீங்கள் செய்யவில்லை. அந்த வசனத்தை நீங்கள் ஏற்கெனவே காத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

யோவாஸ் விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெரியவர் காட்டியது 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனம். வேலைக்காரருக்குக் கொடுக்கப் பணம் வாங்கிய மனுஷரிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று இருப்பது வாஸ்தவம்தான். நானும் எத்தனையோ கமிட்டிகளில் இதைக் கேட்டுவிட்டேன். யாரும் அதிகாரத்தை மேலே இருந்து வாசிக்கமாட்டார்கள். தொடக்கத்தில், ஆசாரியர்கள் அவரவர் தமக்கு அறிமுகமானவர்களிடமிருந்து பணம் வாங்கி ஆலயத்தைப் பழுதுபார்க்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ராஜாவின் 23ஆம் வருடம் வரை பழுது பழுதாகவே கிடந்தது. யோவாஸ் கூப்பிட்டுக் கேட்டான். இனி பணத்தை நீங்கள் வாங்கவேண்டாம் என்று முறையையே மாற்றினான். யோய்தா ஒரு பெட்டியை எடுத்து மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்துக்கு வலதுபக்கம் வைத்தான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் எழுத்தரான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். அரண்மனையிலிருந்து ஒருவர், ஆலயத்திலிருந்து ஒருவர். பணம் தனி ஆள் கையிலிருந்து பெட்டிக்குப் போய், இரண்டு பேர் எண்ணிய பிறகுதான் அந்த 15ஆம் வசனம் வருகிறது. உங்கள் சபையில் இன்று இருப்பது அதிகாரத்தின் தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு. அறிமுகமானவர் போனுக்குப் பணம். முடிவில் வரும் வசனத்தை அதற்குத் துணைக்குக் கூப்பிட முடியாது.

பவுலும் எருசலேமுக்குப் பணம் கொண்டுபோகும்போது தனியாகப் போகவில்லை. 2 கொரிந்தியர் 8இல் தீத்துவையும் இன்னும் இரண்டு சகோதரர்களையும் சேர்த்து அனுப்புகிறார். தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாய் இருக்கிறோம் என்கிறார். பவுலையே சந்தேகப்படுவதா என்று கொரிந்துவில் எவரும் கொதித்திருக்கலாம். பவுல் கொதிக்கவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவரை நம்பிக் கொடுத்த பணத்தை அவர் சொந்தச் செலவுக்கு எடுப்பது நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 316ஆம் பிரிவு. போலீஸுக்குப் போங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அவர் அறையில் ஒளித்து வைக்கவில்லை, கேட்டதும் ஒப்புக்கொண்டார், கட்டவும் தொடங்கிவிட்டார். ஆனால் தெரிந்தே பொய்ப் பாக்கி எழுதிக் கையெழுத்திட்டால், அவர் சிக்கலுக்குள் நீங்களும் நடந்து போகிறீர்கள். "கடன் கொடுத்ததாக எழுதிவிடலாமே" என்று அடுத்த யோசனை வரும். கமிட்டித் தீர்மானம் இல்லாமல் பின்தேதியிட்டு எழுதும் கடனும் பொய்தான். தவிர, அறக்கட்டளைப் பணத்தை அதை நிர்வகிப்பவருக்கே போதிய ஈடும் வட்டியும் இல்லாமல் கடனாகக் கொடுத்தால், சபைக்கு உள்ள வருமான வரிச் சலுகைக்கே ஆபத்து வரும்.

சரி, அங்கிளிடம் பேசுவது. மத்தேயு 18இல் முதல் படி தனியே பேசுவது. அதை நீங்கள் முடித்துவிட்டீர்கள், ஆனால் பாதிதான். பணம் எங்கே என்று கேட்டீர்கள். இனி என்ன என்று கேட்கவில்லை. இன்னொருமுறை போங்கள். வீட்டுக்குப் போகவேண்டாம். ஆன்ட்டி ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் வீட்டில், அவர் வைத்தியத்துக்குச் செலவான பணத்தைப் பற்றிப் பேசினால் அந்த அம்மா அதைச் சுமந்துகொண்டே இருப்பார். ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய அறை), கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். இப்படிச் சொல்லலாம்: "அங்கிள், பாக்கின்னு எழுதச் சொல்றாங்க. கட்டினவங்க பேரை நான் பாக்கியில எழுத முடியாது. கமிட்டில நீங்களே சொல்லிடுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்." பட்டியலையும் கையில் கொண்டுபோய்க் கடைசிப் பக்கத்தைக் காட்டுங்கள். தங்கவயல் குடும்பங்களுக்கு அடுத்தவர் கூலிக் காசின் மதிப்பை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கமாட்டார் என்பது என் ஊகம்.

அவரே கமிட்டியில் வாய் திறந்து சொன்னால் பாதிப் பாரம் இறங்கிவிடும். நீங்கள் காட்டிக்கொடுத்தவள் என்ற பேச்சுக்கும் இடம் இராது.

கமிட்டிக்குப் பிறகு கணக்கு எழுதுவது பெரிய வித்தை இல்லை. ஏல வருமானம் முழுவதையும் வருமானமாகவே காட்டுங்கள், ஏனென்றால் சபையார் முழுவதும் கட்டிவிட்டார்கள். வந்த 60,000 வங்கியில் இருக்கிறது. மிச்சத்தைச் சொத்துப் பக்கத்தில் 'செயலாளரிடமிருந்து வரவேண்டியது 1,25,000' என்று ஒரு வரியில் எழுதுங்கள். ஏன், எப்போது வரும் என்பது கமிட்டித் தீர்மானமாக மினிட்ஸ் நோட்டில் தேதியோடு இருக்கட்டும். மாதம் 10,000 கட்டினால் 13 மாதத்தில் தீரும். அவருக்கு முடியும் தொகையை அவரே சொல்லட்டும். எல்லாம் வங்கி வழியாக வரவேண்டும், கையில் வாங்காதீர்கள்.

லேவியராகமம் 6இல், அயலானின் பொருளை எடுத்துக்கொண்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. 1,85,000க்கு அது 37,000. ஆஸ்பத்திரி பில் கட்டி நொடிந்த குடும்பத்திடம் அதைக் கேட்கச் சொல்லமாட்டேன். அசலைத் தள்ளுபடி செய்யும் பேச்சு மட்டும் கமிட்டி அறையில் வேண்டாம். இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்க வேண்டுமானால், பணம் யாருடையதோ அவர்கள்தான் விட்டுக்கொடுக்க முடியும். அது பொதுக்கூட்டம்.

பணம் தீரும்வரை அவர் செயலாளர் பதவியிலிருந்து ஒதுங்கி இருப்பதே முறை. அதற்காக அவரை ஓரங்கட்டிவிடாதீர்கள். வீட்டுஜெபத்துக்கு முதலில் போய் நிற்பவரும், நோயாளியைப் பார்க்க பஸ் ஏறிப் போகிறவரும் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் சாவிக்கொத்துக்கும் சம்பந்தம் இல்லை. கலாத்தியர் 6:1, தவறியவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணச் சொல்லிவிட்டு, நீயும் சோதிக்கப்படாதபடிக்கு எச்சரிக்கையாயிரு என்கிறது.

அந்த 'நீயும்' உங்களுக்குத்தான், சகோதரி. கோபித்துக்கொள்ளாதீர்கள். 6 வருடமாகக் காணிக்கைப் பையை யார் எண்ணுகிறார்கள் என்று நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோகிறீர்கள்: 'நானே எண்ணி, திங்கட்கிழமை ஆபீஸ் போகும் வழியில் கட்டிவிடுவேன்.' ஞாயிறு ராத்திரி சபைப் பணம் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நீங்கள் ஒரு ரூபாய் தொட்டிருக்கமாட்டீர்கள், நம்புகிறேன். ஆனால் நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள் காட்டுவதற்கு உங்கள் வார்த்தையைத் தவிர என்ன இருக்கிறது? அங்கிளிடமும் அதுதான் இருந்தது. 1,85,000 ஒரே நாளில் போயிருக்காது. மருத்துவமனையில் அட்வான்ஸ் கேட்ட ராத்திரி கையில் இருந்த போனில் பணம் இருந்தது, தடுக்க எந்த முறையும் இல்லை, அவ்வளவுதான். நல்ல குணம் உள்ளவர்தானே என்று முறை வைக்காமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நம் சபைகளில் ஒரு நினைப்பு. எனக்கு அது அவரைத் தனியாக விட்டுவிடுவதாகவே தெரிகிறது.

ஆகவே அங்கிள் விஷயத்தைக் கமிட்டிக்குக் கொண்டுபோகும் அதே நாளில் உங்கள் எண்ணும் முறையையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஆராதனை முடிந்ததும், டீ குடிக்கும் முன், வெஸ்ட்ரியிலேயே, ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணட்டும். 500 எத்தனை, 100 எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். சீட்டு உங்களிடம், நகல் போதகரிடம். உங்கள் வேலை எண்ணுவது இல்லை, எழுதுவது. சபையின் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கிறதென்றால் க்யூஆர் அட்டையை வங்கியிலேயே கேட்டு வாங்கலாம். அதை வாசலில் மாட்டிவிட்டால் எவர் போனுக்கும் பணம் போகாது.

ஏலத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பணம் கசிவது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் அனுபவம். பூசணிக்காய் 3,000க்குப் போகிறது, கைதட்டுகிறார்கள், "நோட்டுல எழுதிக்கோங்க, அப்புறம் தர்றேன்" என்று சிரித்துக்கொண்டே தூக்கிப் போகிறார்கள். நோட்டை எழுதுவது குவயரில் பாடும் ஏதோ ஒரு பையன். ஒரு பேரை இரண்டு தரம் எழுதுவான், ஒரு பேரை விடுவான். இரட்டை ரசீதுப் புத்தகம் வாங்குங்கள். பொருள் மேடையிலிருந்து இறங்கும்போதே ரசீது கிழிக்கப்படட்டும், பணம் வராவிட்டாலும் 'பாக்கி' என்று எழுதிக் கிழிக்கலாம். அந்த அடிக்கட்டு இருந்திருந்தால் இன்று உங்களிடம் யாரும் பொய்ப் பாக்கி எழுதச் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்று, ஏலம் பற்றிப் பேசும்போது நினைவுக்கு வந்தது. பெங்களூருச் சபைகளில் இப்போது வீடியோ காலில் அமெரிக்காவிலிருந்தும் ஏலம் கேட்கிறார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் வேலை பார்த்துச் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் ஆகும், அவர் உங்கள் ஓய்வுநாள் பள்ளியில் படித்த பிள்ளையாகவே இருந்தாலும். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாத சபை அதை வாங்கக்கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளையின் தனிக் கணக்கில்தான் முதலில் வாங்கவேண்டும். அங்கிளின் ஜிபேயில் அப்படி ஏதாவது வந்ததா என்று ஒருமுறை பாருங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசுகிறோம், அதனால் இதையும் கமிட்டியில் யாராவது கேட்கவேண்டும்: வாழ்நாளெல்லாம் சபைக்கு உழைத்தவர், மனைவி ஆபரேஷனுக்கு ஏன் சபையிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை? அப்போஸ்தலர் 6இல் விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்படுகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. முறுமுறுத்தவர்களை அதட்டவில்லை; நற்சாட்சி பெற்ற 7 பேரைத் தெரிந்தெடுத்து அந்த வேலையை அவர்களிடம் கொடுத்தார்கள். உங்கள் சபையில் மருத்துவ உதவி நிதி என்று ஒன்று இல்லை என்று தெரிகிறது. வாங்குபவர் பெயர் கமிட்டிக்கு வெளியே போகாத மாதிரி, உச்சவரம்பு வைத்து ஒன்றைத் தொடங்கலாம். பொறுப்பில் இருப்பவர்கள்தான் அதைக் கேட்க அதிகம் கூச்சப்படுவார்கள். அவர்களும் கேட்கலாம் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

போதகர் ஐயா அப்போதும் பிடிவாதமாக இருந்தால்? 'ஏல நோட்டும் வங்கிக் கணக்கும் ஒத்துவராததால் இந்த வடிவில் கையெழுத்திட இயலவில்லை, கமிட்டியில் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று நாலு வரியில் தேதியிட்டுக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எவர் குணத்தைப் பற்றியும் ஒரு சொல் வேண்டாம். 1 தீமோத்தேயு 5:19 மூப்பனுக்கு எதிரான குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சி கேட்கிறது. நோட்டின் போட்டோ, வங்கி ஸ்டேட்மென்ட், பணம் கட்டியவர்களின் ஜிபே ரசீதுகள் உங்களிடம் இருக்கட்டும். கமிட்டியில் நம்பகமான இன்னொருவர் அவற்றைப் பார்த்திருக்கட்டும். அதற்கும் அசையாவிட்டால் சபைக்கு மேலே பேராய அலுவலகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகாது என்றே நினைக்கிறேன். உங்கள் ஐயாவின் பயம் பணத்தைப் பற்றியது இல்லை, பொதுக்கூட்டத்தில் எழும் கூச்சலைப் பற்றியது. அங்கிளே முதலில் பேசுவார் என்று தெரிந்தால் அந்தப் பயம் அடங்கும்.

கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் கம்பெனிக் கணக்கு, ஏழாம் நாள் சபைக் கணக்கு, வீட்டுக்கு வந்தால் இந்த மனவருத்தம். அவர் உங்களைத்தான் பார்க்கிறார். ஆனால் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் ராஜினாமா செய்தால், உங்களுக்குப் பதில் வருபவர் வந்த வாரமே அந்தப் பாக்கிப் பட்டியலில் கையெழுத்துப் போடுவார், என்ன ஏது என்று தெரியாமலே. சரியான கணக்கை வைத்து, கூட்டத்தில் நிறைவேற்றி, அப்புறம் பொறுப்பை ஒப்படையுங்கள். 6 வருடம் போதும். மூன்று வருடத்துக்கு மேல் ஒருவரே பொருளாளராக இருக்கக்கூடாது என்று அந்தக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானமும் கொண்டுவரலாம். குவயரில் பாடுவதற்குக் கணக்கு நோட்டு தேவையில்லை என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். சபை மாறும் பேச்சை அதற்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் சபையின் ஆடிட்டரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்யமுடியாது. பழைய பாக்கிப் பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள். குறுக்கே கோடு போட்டு, 'தவறான பட்டியல், பயன்படுத்தவில்லை' என்று எழுதிக் கோப்பிலேயே வையுங்கள்.